முன்பதிவு

மார்ச்சில் இவர் போனார்.
ஏப்ரலில் அவர் வந்தார்,
அட்டைப் பெட்டிக்குள், அறுநூற்று நாற்பது பக்கமாக,
சுருட்டும் தொப்பியும் மேலட்டையில்.
பெட்டியின் மேல் இவர் பெயர்: ராய்ஸ்டன் ஹாக்ஸ்பி.
தபால்காரப் பையன் டாரில் கையெழுத்து கேட்டான்.
என் பெயரைப் போட்டுக் கொடுத்தேன்.

ஜூனில் இன்னொன்று:
போர் நடந்த வருஷங்களில் பிரதமர் என்ன சாப்பிட்டார்.
ஆகஸ்டில் அவருடைய கடன்கள்.
செப்டம்பரில், அவர் படுத்தபடி சொல்லச் சொல்லத்
தட்டச்சு செய்த பெண்களைப் பற்றி.
அதை மட்டும் பத்துப் பக்கம் படித்தேன்,
காலை நீட்டிக்கொண்டு.

கடைக்குப் போன் போட்டேன்.
இமோஜென் என்றொரு பெண், குரலில் சளி.
"இன்னும் நாலு இருக்கிறது, திருமதி ஹாக்ஸ்பி.
எல்லாம் வரப்போகிறவை.
கடைசியானது அடுத்த வருஷம் அக்டோபர், இரண்டாம் பாகம்."
"யாருக்கு?" என்றேன்.
"மூன்றாம் பாகம் இன்னும் அறிவிக்கவில்லை" என்றாள்.
சரியாகக் காதில் விழவில்லை போல.

ஐம்பத்தெட்டு வருஷம்
ஹல் நகரத்தின் இந்த ஒடுங்கிய வீட்டில்
இரண்டு ஆண்களோடு குடித்தனம்.
அவர் மாடிப்படி நெடுகிலும் இருந்தார்,
குளியலறை ஜன்னலோரம் ஈரத்தில் உப்பிப்போயும் இருந்தார்.
எத்தனை மணிக்கு விழித்தார், எந்த டாக்டரைத் திட்டினார்,
எந்தச் செருப்பு முதலில் தேய்ந்தது,
எதைக் கேட்டாலும் சொல்வேன்.
இவர்
வடகடலுக்குப் போன மீன்பிடிக் கப்பலில்
இயந்திரம் பார்த்தவர்.
கரைக்கு வரும்போது காதோடு இரைச்சலும் வரும்.
அங்கே எப்படி என்று கேட்டால்
"குளிர்."
அவ்வளவுதான். ஒரு சொல் சரித்திரம்.
அதற்கு அடிக்குறிப்பும் கிடையாது.

தூசு தட்டும்போதுதான் பார்த்தேன்.
ஒரு மே மாத இரவு, இந்த ஊர் எரிந்த இரவு.
வானம் தெளிந்திருந்தது என்கிறது புத்தகம்.
விடிந்ததும் அவருக்குச் செய்தி போயிற்றாம்.
ஓரத்தில் பென்சிலால்:
மழை.

அடுத்த புத்தகம். அதே இரவு. மேகமற்ற வானம்.
மழை.

இன்னொன்றில் ஊர்ப் பெயரே இல்லை,
வடகிழக்கில் ஒரு துறைமுகம், அவ்வளவே.
இவர் பெயரை எழுதி
காகிதம் கிழிகிற அளவுக்குக் கோடு போட்டு,
அப்புறம், மழை.

பதினேழு புத்தகங்களில் மழை.
வேறெங்கும் பென்சில் படவில்லை.
நாட்டையே எழுப்பி உட்கார்த்திய பேச்சுகளில் இல்லை,
வெற்றியில் இல்லை, தேர்தல் தோல்வியில் இல்லை.

இவருக்கு அன்று ஏழு வயது.
மாடிப்படிக்கு அடியில் இருட்டில்
யாரோடு உட்கார்ந்திருந்தாரோ.
தீயணைப்புக் குழாய்த் தண்ணீராக இருக்கலாம்.
பக்கத்து வீட்டுத் தொட்டி உடைந்திருக்கலாம்.
ஏழு வயதுக்கு,
மேலேயிருந்து நீராக விழுந்தால் மழைதான்.
இல்லை, உண்மையிலேயே பெய்ததோ என்னவோ,
எல்லோரும் லண்டனில் இருந்துகொண்டு எழுதினால்.

நவம்பர் பெட்டி இன்று காலை.
ரொட்டிக் கத்தியால் பிரித்தேன்,
அதே கத்தியால் பென்சிலும் சீவினேன்.
பின்பக்க அகரவரிசையில் தேடினால்
ஹல், குண்டுவீச்சு: பக்கம் 388.
தெளிவான வானம். இந்த முறை
வானிலைப் பதிவேட்டையே சான்று காட்டியிருக்கிறார்கள்.

நான் அப்போது பிறக்கவேயில்லை.
இருந்தாலும் மழை என்று எழுதினேன்.
என் எழுத்து வலப்பக்கம் சாயும், இவருடையது நேராக நிற்கும்;
பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும்.
சான்று எங்கே என்பார்களே,
அதனால் பக்கத்தில் சின்னதாக
"இவர்" என்று போட்டேன்.

டீ ஆறிப்போயிருந்தது.
பென்சில் இன்னும் ஒரு விரல் நீளம் இருக்கிறது.
அக்டோபர் வரைக்கும் காணும்.